பிரான்சுவாவின் நெஞ்சுக்குப் பயந்த வீடு

சம்பா கோவில் பங்கில் அவஸ்தை பூசுதல் பெற்று, கையில் மந்திரித்த மெழுகுவர்த்தியைப் பிடித்து, சுற்றி நின்றவர்களிடமெல்லாம் பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மறுவாரமே அடுப்பு முன்னால் நின்று ரொட்டி சுட்ட ஆள் ஒருவர்தான். அவர் ரொட்டிக்கார பிரான்சுவா. சாகப் போகிறவருக்குச் சாமியார் வந்து எண்ணெய் பூசி வழியனுப்பி வைப்பார். வழியனுப்பிய பிறகும் போகாமல் எழுந்து உட்கார்ந்துகொண்டவரை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. தெருவில் சிலருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. அழுததெல்லாம் வீணாய்ப் போயிற்றே என்று.

இத்தனைக்கும் அவர் யாருக்கும் தொந்தரவு கொடுத்தவரல்ல. மிசியோன் வீதிக்குப் பின்புறத்துத் தெருவில் அவருடைய அண்ணன் லூயிஸ் ரொட்டிக் கடை வைத்திருந்தார். கள் ஊற்றி மாவைப் புளிக்க வைப்பதும், பிசைவதும், அடுப்பில் தள்ளுவதும், எடுப்பதும் பிரான்சுவாவின் வேலை. விற்பது, வாங்குவது, வெள்ளைக்காரத் தெருச் சமையல்காரர்களோடு சண்டை பிடிப்பது எல்லாம் லூயிஸ். அண்ணன் எதைக் கேட்டாலும் தம்பியிடம் ஒரே பதில்தான் இருந்தது: "உங்க இஷ்டம்ணே." மாவு கெட்டுவிட்டது, கொட்டிவிடு என்று அண்ணன் சொன்னால், மாவு நன்றாகத்தான் இருக்கிறது என்று கைக்குத் தெரிந்தாலும், "உங்க இஷ்டம்ணே" என்று கொண்டுபோய்க் கொட்டிவிடுவார். ஊரில் அவருக்கு நல்ல மனுஷன் என்று பெயர். அந்த நல்ல குணத்தில் எத்தனை பங்கு பயம் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்திருந்தால் மிச்சம் கொஞ்சமாகத்தான் இருந்திருக்கும்.

பயம் எதனால் என்று கேட்டால் வீட்டார் அவர் நெஞ்சைக் காட்டுவார்கள்.

சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு திருநாளில், கோவிலுக்குள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அப்போது அது முதன்முதலாக வந்தது. ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்த நெஞ்சு திடீரென்று ஒரு அடி முந்திக்கொண்டது. பிறகு உள்ளே ஒன்றுமே இல்லை. ஆள் இல்லாத வீடு போல இருந்தது. அப்புறம் யாரோ உள்ளேயிருந்து கதவை முட்டியதுபோல் பலமாக ஓர் அடி. பையன் வாழைத்தண்டு மாதிரி சரிந்தான். அம்மா வாரி எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் ஓடினாள். அந்தக் காலத்து வைத்தியர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பயந்த சுபாவம். புள்ள எதிர்ல சத்தம் போடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். போகிறபோக்கில் சொன்ன வார்த்தைதான். ஆனால் அது அந்த வீட்டில் வேதத்தின் பத்துக் கட்டளைகளுக்கு அடுத்த பதினோராவது கற்பனை ஆயிற்று.

அன்றிலிருந்து வீட்டில் சத்தம் கிடையாது. உரலைத் தோட்டத்துக் கடைசிக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். கதவுக் கீலுக்கெல்லாம் எண்ணெய் விட்டார்கள். கடையில் இடி மாதிரிப் பேசுகிற லூயிஸ்கூட நடையைத் தாண்டியதும் குரலை இறக்கிவிடுவார். பிரெஞ்சுக்காரர் கொண்டாடும் ஜூலை பதினாலு அன்று கடற்கரையில் பீரங்கிக் குண்டு போடும்போது, ஊரே வேடிக்கை பார்க்கப் போயிருக்க, பிரான்சுவா மட்டும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு மாவு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சூசைமேரிக்கு மாமியார் முதல்நாள் சொல்லிக் கொடுத்தது, பாத்திரத்தை எப்படிச் சத்தமில்லாமல் கவிழ்ப்பது என்பதைத்தான். அடுத்து அந்த வீட்டில் பிறந்த ஒரே பெண் பெர்னதெத், பேசக் கற்றுக்கொள்ளும்போதே மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டாள். கூடத்தில் அவள் நடந்து வந்தால் பக்கத்தில் வந்து நிற்கும்வரை தெரியாது.

ஒரு விஷயம் மட்டும் பிரான்சுவாவுக்கே புரியாமல் இருந்தது. அடுப்புச் சூட்டில் நின்று, மூச்சு முட்ட மாவு பிசையும்போது நெஞ்சு ஒழுங்காகத்தான் இருந்தது. வேலை முடிந்து, சாப்பிட்டு, இடது பக்கமாகச் சாய்ந்து படுத்து, உலகத்தில் ஒரு கவலையும் இல்லை என்று கண்ணை மூடினால்தான் தப்படி வைக்கும். பயத்தால் வருகிற வியாதி பயமில்லாத நேரத்தில் ஏன் வருகிறது? அவர் இதை யாரிடமும் கேட்கவில்லை. கேட்பதற்கும் பயம்.

முப்பத்து நாலாம் வருஷம் மழைக்காலத் தொடக்கத்தில், சைகோனிலிருந்து லீவில் வந்திருந்த அமலநாதனை லூயிஸ் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அங்கே சுங்கத்தில் உத்தியோகம். முதல் மனைவி இறந்துபோய் நாலைந்து வருஷமாகிறது, பிள்ளை இல்லை. ஆள் நல்ல உயரம், தலையில் அங்கங்கே நரை. வந்து உட்கார்ந்ததும், கப்பலில் ஒரு சீனாக்காரன் தன் தொப்பியைக் கடலில் விட்டுவிட்டு மாலுமியோடு சண்டை போட்ட கதையைச் சொல்லி, தானே சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பு அந்தக் கூடத்தில் அதுவரை கேட்டதில்லை. சூசைமேரி பதறிப்போய்ப் புருஷனைப் பார்த்தாள். லூயிஸும் பார்த்தார். பிரான்சுவா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த பெர்னதெத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

அவன் போன பிறகு லூயிஸ் சொன்னார். "நல்ல எடம்டா. இந்த லீவு முடியறதுக்குள்ள கட்டிக்கினு கூட்டிக்கினு போறேன்றான். இன்னா சொல்ற?"

பிரான்சுவாவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. மாப்பிள்ளைக்கு வயது அதிகம். சைகோன் என்பது போனவர்கள் பெட்டி நிறையப் பட்டு கொண்டு வருகிற ஊர். சிலர் வராமலே போகிற ஊர். எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சிரிப்பு. பெண்ணைக் கொடுத்துவிட்டால் தனக்கு யார் என்ற எண்ணமும் இருந்தது. நல்ல மனுஷர் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

"உங்க இஷ்டம்ணே" என்றார்.

அந்த வாரமே அவருக்குக் காய்ச்சல் கண்டது. மழையில் நனைந்த விறகோடு மல்லாடியதால் வந்த காய்ச்சல், வேறொன்றுமில்லை. ஆனால் படுத்தார் அல்லவா, படுத்ததும் நெஞ்சு தன் வேலையைக் காட்டிவிட்டது. இரண்டு அடி, ஒரு தப்படி. மூன்று அடி, ஒரு தப்படி. உழவர்கரையிலிருந்து காத்தவராயன் வைத்தியரை வண்டி வைத்து அழைத்து வந்தார்கள். அந்தப் பக்கத்தில் கையைப் பிடித்துப் பார்ப்பதில் அவருக்கு மேல் ஆள் கிடையாது.

வைத்தியர் வந்து உட்கார்ந்தார். கையைப் பிடித்தார். கண்ணை மூடினார். பிறகு அவர் முகம் ஒருமாதிரி கோணியது. வாய்க்குள் "மருந்து அனுப்பறேன்" என்று ஏதோ முணுமுணுத்தார். சூசைமேரி தாம்பூலத் தட்டை நீட்டினாள். வைத்தியர் தட்டைப் பார்த்தார், தலையை ஆட்டினார், வெற்றிலையைத் தொடாமல் எழுந்து போய் வண்டியில் ஏறிவிட்டார்.

வீட்டில் எல்லாருக்கும் கை கால் ஓடவில்லை. வைத்தியர்கள் சாவை வாயால் சொல்வதில்லை. பிழைக்கிற வீட்டில் தாம்பூலம் எடுத்துக்கொள்வார்கள், பிழைக்காத வீட்டில் தட்டைத் தொடமாட்டார்கள். இது அந்தப் பக்கத்தில் எல்லாரும் அறிந்த சங்கதி. கோவிலில் படிக்கிற ஞானோபதேசத்தில் இல்லாவிட்டாலும், சம்பா கோவில் தெருக்காரர்களுக்கும் இதில் சந்தேகம் கிடையாது. சூசைமேரி தட்டோடு சுவரில் சாய்ந்துகொண்டாள். லூயிஸ் ஒரு ஆளைச் சாமியாரிடம் அனுப்பினார், இன்னொரு ஆளைப் பெட்டி செய்கிறவனிடம் அனுப்பினார். அவர் எதிலும் முன்னேற்பாடு உள்ளவர்.

பாயில் படுத்திருந்த பிரான்சுவாவும் தட்டைப் பார்த்திருந்தார்.

சாமியார் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டு, எண்ணெய் பூசினார். சின்ன வயதிலிருந்து எதற்குப் பயந்தாரோ அது வந்து வாசலில் நிற்கிறது. பிரான்சுவா அதற்காகக் காத்திருந்தார். காத்திருந்தபோதுதான் அந்த ஆச்சரியம் தெரிந்தது. பயத்தைக் காணோம். நெஞ்சு தன்பாட்டுக்குத் தப்படி வைத்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பக்கத்து வீட்டுச் சத்தத்தைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார். இனி காப்பாற்ற ஒன்றுமில்லை என்று ஆனபிறகு பயப்படுவதற்கு வேலையும் இல்லை.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பிழை பொறுக்கக் கேட்டார். கடைசியில் அண்ணன்.

"அண்ணே, பெர்னதெத்த சைகோனுக்கு அனுப்பாதீங்க. எனக்கு மொதல்லேருந்தே இஷ்டம் இல்ல. சொல்ல பயம். இப்ப இன்னா பயம்."

கூடத்தில் ஒரே அழுகை. சாகப் போகிறவன் வார்த்தையைத் தட்டுகிறவன் உருப்படமாட்டான். லூயிஸ் தம்பியின் தலைமேல் கையை வைத்தார். "அனுப்பலடா. நிம்மதியா இரு" என்றார்.

"இன்னொண்ணு. போன மாசம் நீங்க கொட்டச் சொன்ன மாவு, அது நல்ல மாவு."

லூயிஸ் அதற்கும் அழுதார்.

அதற்குப்பின் எல்லாரும் ஜெபமாலை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விடிந்தது. காய்ச்சல் இறங்கியிருந்தது. பிரான்சுவா கஞ்சி கேட்டார். மத்தியானம் காத்தவராயன் வைத்தியர், தாடையைச் சுற்றி வேட்டித் துணியால் கட்டுப் போட்டுக்கொண்டு, கையில் லேகியக் கிண்ணத்தோடு வந்து இறங்கினார். வாசலில் சாத்தி வைத்திருந்த சவப்பெட்டியைப் பார்த்து, "யாருக்கு?" என்றார்.

விஷயம் தெரிந்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கடவாப் பல்லு வீங்கி உயிர் போவுது எனக்கு. இன்னிக்கு காலையிலதான் புடுங்கினேன். வாயத் தொறக்க முடியல, வெத்தல எங்க போட்டு மெல்றது? மருந்து அனுப்பறேன்னு சொல்லிட்டுத்தான போனேன்?"

சூசைமேரி உள்ளே போய்த் தட்டைக் கொண்டுவந்தாள். வைத்தியர் இரண்டு வெற்றிலையை எடுத்து எல்லாரும் பார்க்கும்படி மடியில் கட்டிக்கொண்டார். பெட்டிக்காரன் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனான். அளவு சரியாக இருந்ததே என்று அவனுக்கு ஒரு குறை.

சூசைமேரிக்கு மட்டும் மனது ஆறவில்லை. பல்வலிக்கார வைத்தியர் பிழைப்பான் என்றாலும் நம்ப முடியவில்லை அவளால். புருஷனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் நம்மூர்க்காரர், பிரான்சில் படித்துவிட்டு வந்தவர். குழாயை மார்பில் வைத்துக் கேட்டார். எழுந்து நின்று குதி என்றார். பிரான்சுவா திகைத்தார். யாரும் அவரைக் குதிக்கச் சொன்னதில்லை. "குதிங்க முசே" என்றார் டாக்டர் மறுபடியும். குதித்தார். குதிக்கக் குதிக்க நெஞ்சு ஒழுங்காகியது. உட்கார்ந்து இளைப்பாறியதும் மறுபடி தப்படி.

டாக்டர் குழாயைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஒரு அடி அவசரப்பட்டு முன்னாடி வந்துடுது. அப்புறம் கொஞ்சம் நின்னு மூச்சு வாங்குது. அவ்வளவுதான். இது உங்கள கொல்லாது. வேற எதாவது கொல்லும்."

"பயந்த சுபாவத்தால வர்றதுன்னு சொன்னாங்க" என்றாள் சூசைமேரி.

"பயந்தவங்களுக்கு இது வரும்னும் சொல்றாங்க. இது வந்தவங்க பயந்தவங்களா ஆயிடறாங்கன்னும் சொல்றாங்க. எது மொதல்ல வந்ததுன்னு நான் படிச்ச புஸ்தகத்துல எழுதல. காப்பிய கொறைங்க. போய் வேலயப் பாருங்க."

வாய்க்கால் ஓரமாக வீட்டுக்குத் திரும்பி நடந்தார்கள். சூசைமேரி வழிநெடுக மாதாவுக்குத் தோத்திரம் சொல்லிக்கொண்டு வந்தாள். பிரான்சுவாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏமாந்துபோனதுபோல் இருந்தது. எந்த எஜமானுக்குப் பயந்து அடிமேல் அடி வைத்து நடந்தாரோ, அந்த எஜமானுக்குக் கொல்லத் தெரியாதாம். அப்படியானால் இத்தனை வருஷமும் "உங்க இஷ்டம்ணே" என்று சொன்னது யார்? நெஞ்சா, தானா? அவமானமாக இருந்தது.

லூயிஸ் அவருக்குச் சிந்திக்க அதிக நேரம் கொடுக்கவில்லை. பூசைக்குப் போய்விட்டு வந்து, தம்பியை எதிரே உட்கார வைத்தார்.

"சாவற மனுஷன் வார்த்தைய தட்டக்கூடாதுன்னுதான் அன்னிக்கு வாக்கு குடுத்தேன். நீ சாவல. சந்தோஷம். ஆனா சாவாதவன் வார்த்த எப்படி சாவறவன் வார்த்த ஆவும்? அதுக்கு முன்னாடி, நல்லா இருந்தப்ப, உங்க இஷ்டம்ணேன்னியே, அதுதான் நிக்கும். வர்ற ஞாயித்துக்கெழம ஓல வாசிக்கச் சொல்லிட்டேன்."

இதை மறுத்துப் பேச வக்கீலால்கூட முடியாது. கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் மெய்விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடவார்கள் என்று. மூன்றும் முடிந்தால் முடிந்தது.

பிரான்சுவா எழுந்து நின்றார். பயம் எங்கேயும் போய்விடவில்லை, சாவு விலகியதும் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. நெஞ்சு வேறு அந்த நேரம் பார்த்து முந்திக்கொண்டு, நின்று, முட்டியது.

"அன்னிக்கு சொன்னதுதான்ணே இன்னிக்கும். எனக்கு இஷ்டம் இல்ல. நானே சாமியார்கிட்ட போய் சொல்றேன்."

லூயிஸ் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை, மார்பைப் பார்த்தார். ஏதாவது ஆகிவிடுமோ என்று பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. அவர் எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பிரான்சுவா வேறு ஆள். சோற்றைப் பிசைந்துகொண்டே நடந்ததைச் சொன்னார். கொஞ்சம் கூட்டியே சொன்னார். சூசைமேரி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். பரிமாறிக்கொண்டிருந்த மகளை நிமிர்ந்து பார்த்து, "பயப்படாத. சாயங்காலம் போய் சாமியார்கிட்ட சொல்லிடறேன். உன்ன எங்கயும் அனுப்பல" என்றார்.

பெர்னதெத் குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். அப்போதும் சத்தம் வரவில்லை.

"நான் பெரியப்பாகிட்ட சரின்னு சொல்லிட்டேம்ப்பா" என்றாள்.

"அவரு மெரட்டினாரா?"

"யாரும் மெரட்டல. அவரு கேக்கறதுக்கு முன்னாடியே சொன்னேன்."

"ஆளுக்கு வயசு எவ்ளோ தெரியுமா?"

"தெரியும். மொத சம்சாரம் செத்துட்டதும் தெரியும். எவ்ளோ தூரம்னும் தெரியும்."

"பின்ன எதுக்கு?"

அவள் சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். "அன்னிக்கு வந்தாரே, சிரிச்சாரே. நம்ம வீட்ல யாராவது அப்படி சிரிச்சிருக்காங்களாப்பா? நான் சிரிச்சா அம்மா வாயப் பொத்தும். நான் ஓடினதில்ல. ஒருத்தர கூப்டணும்னா கூட, நடந்து கிட்டக்க போயிதான் கூப்டணும். செம்பு கீழ வுழுந்தா மொதல்ல உன் மொகத்தப் பாப்போம், அப்புறம்தான் செம்பப் பாப்போம்."

இதையெல்லாம் அவள் எப்போதும்போல் தணிந்த குரலில்தான் சொன்னாள். கோபத்தைக்கூட மெதுவாகச் சொல்லத்தான் அவளுக்குத் தெரியும். தெருவில் போகிறவன் கேட்டிருந்தால், அப்பாவுக்கு மோர் வேண்டுமா என்று மகள் கேட்கிறாள் என்று நினைத்திருப்பான்.

பிரான்சுவாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. நெஞ்சு தப்படி வைத்தது. முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். மகள் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் கை தானாக நீண்டு சுவரில் செருகியிருந்த விசிறியை எடுத்தது. சூசைமேரி தண்ணீர்ச் செம்போடு எழுந்தாள்.

அவர் அந்த விசிறியைப் பார்த்தார். தன் மகள் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு விசிறி எடுப்பது எத்தனையாவது தடவை என்று யோசித்தார். கணக்கே இல்லை. அவர் யாரையும் அடக்கி வைத்ததில்லை. ஒரு நாளும் அதட்டியதில்லை. அதட்டுகிற அப்பனாக இருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற அப்பனை என்ன செய்ய முடியும்?

"விசிறிய வை" என்றார். "நிறுத்தாத. இன்னும் இன்னா இருக்குதோ சொல்லு."

"வேணாம்ப்பா."

"எனக்கு ஒண்ணும் ஆவாது. டாக்டரு சொல்லிட்டாரு. சொல்லு."

அவள் சொன்னாள். கொஞ்ச நேரம் சொன்னாள். சூசைமேரி நடுவில் அழுதாள். பிரான்சுவா குறுக்கே பேசவில்லை. சோறு காய்ந்து போயிற்று. அண்ணன் எதிரே நின்று மறுத்ததைவிட இது பத்து மடங்கு கஷ்டமாக இருந்தது.

சாயங்காலம் அவர் சாமியாரிடம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசித்தார்கள். பிரான்சுவா அண்ணனை எதிர்த்துப் பேசிய சேதி அதற்குள் ஊருக்கெல்லாம் எட்டியிருந்தது. தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடவார்கள் என்று சாமியார் நிறுத்தியபோது, தூணுக்குத் தூண் தலைகள் திரும்பின. பிரான்சுவா தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். இரண்டாம் ஞாயிறும் அப்படியே. மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது ஒருவர் இன்னொருவரிடம், "எனக்குத் தெரியும், இவனாவது வாயத் தொறக்கறதாவது" என்று அவர் காதில் விழும்படியே சொன்னார். லூயிஸ் தம்பியின் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஜெயித்தவரின் தட்டு அது. பழைய பிரான்சுவாவே திரும்பி வந்ததில் அவருக்குப் பரம திருப்தி. பயந்து வாயை மூடுவதும் தெரிந்து வாயை மூடுவதும் வெளியே பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். பிரான்சுவா யாருக்கும் விளக்கம் சொல்லப் போகவில்லை. அது மட்டும் கொஞ்சம் வலித்தது.

கலியாணம் நல்லபடியாக நடந்தது. விருந்தில் மாப்பிள்ளை சிரித்தான். மாமனார் நெஞ்சைத் தொடவில்லை.

மேனி சுடாத ஒரு வெயில் நாளில் கப்பல் வந்தது. கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கடல்பாலத்திலிருந்து படகில் ஏறிப் போய்த்தான் கப்பலைப் பிடிக்க வேண்டும். பாலத்தில் மணிலாக் கொட்டை மூட்டைகளும் சுமைக்காரர்களும் அழுகிற அம்மாக்களுமாக நெரிசல். பெர்னதெத் அப்பா காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவர் நெற்றியில் சிலுவை போட்டார். அமலநாதன் கையைப் பிடித்து அவளைப் படகில் இறக்கினான். படகு அலையில் ஏறி இறங்கி நகர்ந்தது.

பாதி தூரம் போயிருக்கும். படகில் அவள் எழுந்து நின்றாள். புருஷன் அவள் இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டான். இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டு, "அப்பா" என்று கத்தினாள்.

மூட்டை தூக்கியவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். காற்றையும் அலையையும் மீறி வந்த அந்தக் குரல் பாலத்தின் இரும்பில் பட்டு அதிர்ந்தது. மறுபடியும் கத்தினாள். மூன்றாவது தடவை அதில் சிரிப்பும் இருந்தது, அழுகையும் இருந்தது. தன் மகளுக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கும் என்று பிரான்சுவாவுக்குத் தெரியாது. பத்தொன்பது வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்திருக்கிறார், ஒருநாளும் கேட்டதில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது.

உள்ளே நெஞ்சு ஒரு அடி முந்தி, நின்று, முட்டியது. பக்கத்தில் சூசைமேரி படகைப் பார்க்காமல், புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பாக்காத" என்றார் பிரான்சுவா. "அவளப் பாரு."